உள்ளான் இறங்கும் பள்ளத்தில் வீடு கட்டலாமா?

டித்வா புயல் 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறியது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. அதற்குப் பிறகு மலையகத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், எந்தக் கடையில் நின்று தேநீர் குடித்தாலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான். இந்தச் சனத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

லயத்துக்கு மேலே மலை பிளந்து நிற்பதைப் பார்த்தவர்கள், சரிவில் வேண்டாம், சமதரையில் காணி தாருங்கள் என்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்றால் கை நீளும் இடம் பெரும்பாலும் இரண்டு மலைகளுக்கு நடுவில் கிடக்கும் பள்ளமாகவே இருக்கிறது. தேயிலைச் செடி வேரில் தண்ணீர் நிற்பதைத் தாங்காது. அதனால் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே மேலே நட்டுக்கொண்டு போனார்கள். மலையில் வெட்டிய கான்களின் தண்ணீரெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். நாணல், மானாப்புல், நடுவே ஓர் ஓடை, சில இடங்களில் மாடு மேயும், சில இடங்களில் லீக்ஸும் கோவாவும் போட்டிருப்பார்கள். தோட்ட நிர்வாகத்தின் கண்ணில் அது உற்பத்தி இல்லாத நிலம். அதிகாரியின் கண்ணில் வெற்று நிலம். வீடிழந்த குடும்பத்தின் கண்ணில் கிடைக்கக்கூடிய ஒரே நிலம்.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ரயிலில் போகிறவர்கள் இந்தப் பள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்திருப்பார்கள். ரயில் பாதைக்கும் எதிர் மலைக்கும் இடையில் பச்சையாகக் கிடக்கும். பார்க்க வெறுமையாகத்தான் தெரியும். அங்கே குளிர்காலம் முழுக்க ஒரு பறவை குடியிருக்கிறது. அதன் பழக்கவழக்கத்தைத் தெரிந்துகொண்டால் அந்த நிலத்தைப் பற்றி ஒரு முக்கியமான விடயம் தெரியவரும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பறவையின் பெயர் ஊசிவால் உள்ளான். ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளமான உடல். அந்த உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட, நேரான அலகு. தலையில் வெளிறிய கோடுகள், முதுகில் காய்ந்த புல்லின் நிறம். ஓடைக்கரையில் ஒற்றைக் காலில் நிற்கும் மடையானை எல்லோருக்கும் தெரியும். வால் கீழ்ப்பக்கம் செம்பழுப்பாக, லயத்துக் கோழியோடு கோழியாகத் திரியும் கானாங்கோழியையும் தெரியும். சிங்களத்தில் கொரவக்கா என்பார்கள். உள்ளானைப் பலருக்குத் தெரியாது. காரணம் அது பகலில் அசையாது. மனிதர் இரண்டு மூன்று எட்டுக்குள் வரும்வரை புல்லோடு புல்லாகப் பதுங்கியிருக்கும். கால் ஏறக்குறைய மிதிக்கப்போகும் நேரத்தில் கரகரத்த ஒரு குரலோடு எழும்பி, வளைந்து நெளிந்து பறந்து, கொஞ்சத் தூரத்தில் மறுபடி விழுந்து மறைந்துவிடும். புல்லறுக்கப் போகிற பெண்களுக்கு நெஞ்சு ஒருமுறை படபடத்து அடங்கும். அவ்வளவுதான் அறிமுகம்.

ஆங்கிலத்தில் இதன் இனத்துக்கு ஸ்னைப் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியாவில் இருந்த படை அதிகாரிகள், இப்படி நெளிந்து பறக்கும் பறவையைச் சுட்டு வீழ்த்துவதைப் பெரிய திறமையாக நினைத்தார்கள். அந்த வேட்டையிலிருந்து பிறந்த சொல்தான் ஸ்னைப்பர். போர்க்காலத்தில் நம்முடைய செய்தித்தாள்களில் அவ்வளவு சாதாரணமாகப் புழங்கிய அந்தச் சொல்லின் அடியில் இப்படி ஒரு சேற்றுப் பறவை ஒளிந்திருக்கிறது.

இது கூடு கட்டுவது இங்கே அல்ல. ரஷ்யாவின் வடக்கே, யூரல் மலையின் வடபகுதியிலிருந்து சைபீரியா ஊடாக ஒகோட்ஸ்க் கடல் பக்கம்வரை பரந்த ஈரப் புல்வெளிகளில் நான்கு முட்டை இட்டுக் குஞ்சு பொரிக்கும். அங்கே குளிர் தொடங்கியதும் தெற்கே புறப்பட்டு, செப்டெம்பர், ஒக்டோபர் வாக்கில் இலங்கைக்கு வந்து இறங்கும். தாழ்நில வயல்களிலும் இருக்கும், ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்ந்த இடங்களிலும் இருக்கும். ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் சூடுபிடிக்கும்போது அநேகமாக அது கிளம்பியிருக்கும்.

வாலின் இறகுகள் 24 முதல் 28 வரை. ஓரத்தில் இருப்பவை ஊசிபோல் ஒடுங்கியவை. அதிலிருந்துதான் பெயர் வந்தது. இனப்பெருக்க காலத்தில் ஆண் பறவை உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கும்போது அந்த இறகுகளில் காற்று மோதி ஓர் ஓசை எழும்பும் என்று பறவையியல் நூல்கள் சொல்கின்றன. அந்த ஓசை சைபீரியாவுக்கு மட்டும். இங்கே வந்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவதுதான் வேலை.

அந்தச் சாப்பாட்டு விடயம்தான் நமக்கு முக்கியம். உள்ளானின் அலகு நுனி நரம்பு முனைகள் நிறைந்தது. கண்ணால் பார்க்காமலே மண்ணுக்குள் புழு நெளிவதை அது தொட்டு அறியும். முழு அலகையும் திறக்காமல் நுனியை மட்டும் விரித்து இரையைப் பற்றவும் முடியும். அந்தி சாய்ந்த பிறகும் இரவிலும் சேற்றுக்குள் அலகைக் குத்திக் குத்தி மண்புழு, பூச்சிப் புழு, சிறு நத்தை என்று தின்னும். அலகைக் குத்துகிற வேளையில் வல்லூறோ பூனையோ வந்துவிடக்கூடாது என்பதால் கண்கள் தலையின் மேலே, பின்தள்ளி இருக்கின்றன. முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருப்பது அதற்கு நன்றாகத் தெரியும் என்றுகூடச் சொல்லலாம்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மண் மெத்தென்று இருக்க வேண்டும். காய்ந்து இறுகிய மண்ணில் அந்த அலகு இறங்காது. ஊசிவால் உள்ளான் அதன் உறவுப் பறவைகள் சிலவற்றைவிட ஈரம் குறைந்த இடத்தையும் சகித்துக்கொள்ளும். அறுவடை முடிந்த வயலிலும் ஈரப் புல்தரையிலும் நிற்கும். ஆனாலும் அது மாதக்கணக்கில் ஒரே பள்ளத்தில் தங்கி மேய்கிறது என்றால், அந்த மண்ணுக்குக் கீழே தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கிறது என்று பொருள்.

ஒரு உள்ளான் எழும்பியதை வைத்துக் காணியை அளந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மண் பரிசோதனை இருக்கிறது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் தை மாதத்தில்கூடச் சேறு காயாத இடம் எது, எந்தப் பள்ளத்தில் புல்லறுக்கும்போது கால் முழங்கால்வரை புதையும் என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரிந்த விடயம். பறவையும் அதே வரைபடத்தைத்தான் பின்பற்றுகிறது. பெரிய மழை பெய்தால் முதலில் தண்ணீர் நிறைவதும் அங்கேதான். சரிவுக்குப் பயந்து பள்ளத்தில் இறங்குகிறவர்கள் மண்சரிவை விட்டு வெள்ளத்துக்குள் போகிறார்கள். மேலேயிருந்து வருகிற மண்ணும் கல்லும் ஓடை வழியாக வந்து படிகிற இடமும் அதே பள்ளம்தான். டித்வாவின்போது மலையில் புறப்பட்ட சேறு எங்கே போய் நின்றது என்று எந்தத் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள்.

பள்ளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழை நாளில் உறிஞ்சி வைத்த தண்ணீரை அது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. தோட்டத்துப் பீலிகள் பல, மாசி பங்குனியிலும் சொட்டிக்கொண்டிருப்பதற்கு மேலே இருக்கும் காடும் இந்த மாதிரி ஈர நிலங்களும் காரணம். அக்ரஓயா, நானுஓயா, கொத்மலை ஓயா எல்லாம் மகாவலிக்குப் போகின்றன. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனி ஆறாகின்றன. 2012இல் திறக்கப்பட்ட 150 மெகாவோட் மேல் கொத்மலை மின்நிலையத்துக்கும், காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களுக்கும் தண்ணீர் இந்த மலைகளில் இருந்துதான் வருகிறது. கொழும்பில் குழாயைத் திறப்பவர் குடிப்பதும் இங்கே ஊறியதுதான்.

ஆனால் நாட்டின் ஈரநில வரைபடத்தில் மலையகம் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இலங்கையில் 6 ஈரநிலங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. ஆறும் தாழ்நிலத்தில். கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமே கிடைத்தது. மத்திய மலைநாடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவை உள்ளே வந்தன. தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளங்கள் வரவில்லை. நுவரெலியாவில் கிரகரி வாவிக்குச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்ற அந்தஸ்து உண்டு. அந்த வாவியின் கதையும் வேடிக்கையானது. இன்று படகும் ஜெட் ஸ்கீயும் ஓடுகிற இடம் ஒரு காலத்தில் சதுப்பு. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், பிதுருதலாகலை மலையிலிருந்து வரும் தலாகல ஓடையை மறித்து நகரத்தை விரிவாக்க வழி செய்தார்கள். நல்ல ஒரு சதுப்பை ஏரியாக்கிவிட்டு, அந்த ஏரியைப் பாதுகாக்கிறோம். உள்ளானுக்கு ஆழமான தண்ணீரால் பயனில்லை. அதற்குத் தேவை ஓரத்துச் சேறு.

சட்டம் எங்கே நிற்கிறது? 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி, எந்தெந்தத் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம் என்று பட்டியலிடுகிறது. ஈரநிலத்தை நிரப்புவதென்றால் பரப்பு 4 ஹெக்டேயரைத் தாண்ட வேண்டும். வீட்டுத் திட்டம் என்றால் 1,000 வீடுகளைத் தாண்ட வேண்டும். 100 குடும்பங்களுக்கு மேல் இடம்பெயர்த்துக் குடியமர்த்துவதும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அவசரநிலையில் செய்யும் மீள்குடியேற்றத்துக்கு விலக்கு. ஆற்றோரம், நீர்த்தேக்க ஓரம் போன்ற சில விசேட வலயங்களுக்கு வேறு கணக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு சாதாரண தோட்டத்துப் பள்ளம் 4 ஹெக்டேயர் இருக்காது. அதில் வரப்போகும் வீடுகள் 40, 50தான். அனர்த்தத்துக்குப் பிந்திய குடியேற்றம் அவசரநிலை என்றே எழுதப்படும். மூன்று வாசலிலும் தப்பிவிடும். இப்படி ஒன்றொன்றாகப் பத்துப் பள்ளங்கள் நிரம்பினாலும், எந்த மேசையிலும் ஒரு கோப்பு திறக்கப்படாது.

பறவையின் பக்கமிருந்து சட்ட உதவி கிடைக்குமா என்றால் அதுவும் சந்தேகம். ஊசிவால் உள்ளான் அழிந்துகொண்டிருக்கும் இனம் அல்ல. சர்வதேசப் பட்டியலில் அதற்குக் கவலை குறைந்த இனம் என்ற இடம்தான். கொட்டகலையில் ஒரு பள்ளம் போனால் உலகத்தில் உள்ளான் தீர்ந்துபோகாது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பறவையைக் காப்பாற்ற மக்களுக்கு வீடு கொடுக்காதே என்று ஒருவர் வாதாடினால் நான் மக்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் பள்ளத்தில் அந்தத் தெரிவே எழவில்லை. பறவைக்குப் பொருத்தமாக இருக்கும் அதே காரணத்தால் அந்த நிலம் வீட்டுக்குப் பொருத்தமில்லாமல் இருக்கிறது.

அப்படியானால் வீடு எங்கே? இங்கேதான் பேச்சு வழக்கமாக நின்றுவிடுகிறது.

பெருந்தோட்டக் காணிகளின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் குத்தகை 53 ஆண்டுகளாக நீட்டப்பட்டு 2045வரை போகிறது. காணியின் சொந்தக்காரர் அரசு. அதாவது சரிவு மென்மையாக இருக்கிற, பாறை உறுதியாக இருக்கிற, வீதிக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல நிலம் அரசின் கையில்தான் இருக்கிறது. அதில் தேயிலை நிற்கிறது. சில இடங்களில் தேயிலை முதிர்ந்து, இடைவெளி விழுந்து, காடேறிக் கிடக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோதும், அதற்கு முந்திய 4,000 வீட்டுத் திட்டத்திலும், காணியின் அளவு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்று பேசப்பட்டது. அந்த 7 பேர்ச்சஸ் எந்த மண்ணில் என்ற கேள்வி அளவைப் போலவே முக்கியமானது. நிர்வாகம் கொழுந்து கிடைக்கிற மலையை விட்டுக்கொடுக்கத் தயங்கும். தனக்குப் பயனில்லாத மூலையை, செங்குத்தான சரிவை அல்லது சேற்றுப் பள்ளத்தைக் காட்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் இதையேதான் பேசினோம். ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடத்தில் மக்கள் ஏன் இருந்தார்கள் என்று கேட்டவர்களுக்கு, போவதற்கு வேறு நிலம் தரப்படவில்லை என்பதுதான் பதில்.

ஆகவே பள்ளத்தைக் காப்பது என்ற கோரிக்கையை, நல்ல நிலத்தை விடுவி என்ற கோரிக்கையோடு சேர்த்துத்தான் வைக்க முடியும். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லும் சூழலியல் பேச்சு, ஏழையைப் பார்த்து நகர்ந்து போ என்பதற்குச் சமம். நகரத்திலிருந்து வரும் நண்பர்கள் சிலர் தோட்டத்து மரக்கறிப் பாத்தியைக் காட்டி, பாருங்கள், ஈரநிலத்தை அழிக்கிறார்கள் என்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கடுப்பூட்டும். தோட்டச் சம்பளத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாத குடும்பம், ஓடைக்கரையில் பத்துப் பாத்தி லீக்ஸ் போட்டுத்தான் பாடசாலைச் செலவைப் பார்க்கிறது. பாத்திகளுக்கு நடுவே கான் இருக்கும், அதில் தண்ணீர் நிற்கும். மடையானும் கானாங்கோழியும் அங்கேயும் மேயும், இருட்டிய பிறகு உள்ளானும் இறங்கலாம். அளவுக்கு மீறிய மருந்தும் உரமும் நிச்சயமாகப் பிரச்சினைதான். ஆனால் மருந்து பாத்தியிலிருந்து மட்டும் வரவில்லை. 2015இல் கிளைபோசேட் தடை வந்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் அடிக்கிற களைநாசினி மழையோடு கான் வழியாக எந்தப் பள்ளத்துக்கு இறங்குகிறது?

பாத்தி போட்ட பள்ளத்தைக் கைவிட்டால் சில பருவத்தில் நாணல் திரும்பி வரும். மண் கொட்டி நிரப்பிய பள்ளம் திரும்பாது. என் கண்ணுக்கு இப்போது ஆபத்தாகத் தெரிவது அதுதான். சரிந்து வீதியில் விழுந்த மண்ணை அள்ளி எங்காவது கொட்டத்தானே வேண்டும். பக்கத்திலேயே ஒரு பள்ளம் இருந்தால் லொறிக்காரருக்கு டீசல் மிச்சம். நிரப்பிய இடம் ஆறு மாதத்தில் அழகான சமதரையாகத் தெரியும். அதன் பிறகு யாராவது அங்கே கயிறு பிடித்து அளப்பார்கள்.

இடையில் ஒன்று. வலசை வரும் பறவையையும் மலையகத் தமிழரின் வருகையையும் ஒப்பிட்டு எழுதுவது எளிது. 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களின் பாதையைப் பார்த்தால் அந்த உவமை தானாகவே வந்து விழும். எனக்கு அது பிடிக்காது. உள்ளானுக்கு ஏப்ரலில் திரும்பிப் போக இடம் இருக்கிறது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைக்கணக்காகப் பங்கு போடப்பட்ட மக்களை வந்து போகிறவர்களாகப் பார்த்ததன் விளைவுதான் இன்றுவரை அவர்கள் கையில் காணி உறுதி இல்லாதது. அவர்கள் இந்த மண்ணின் நிரந்தரக் குடிகள் என்பதிலிருந்துதான் நல்ல நிலத்துக்கான கோரிக்கை தொடங்க வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. மண்சரிவு அபாய வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாகத் தயாரிக்கிறது. எந்தச் சரிவில் கட்டக்கூடாது என்று அவை சொல்கின்றன. அதே தாளில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்பதையும் குறித்தால், மிச்சமிருப்பது எது என்று தெரிந்துவிடும். அந்த மிச்சத்தில் பெரும்பகுதி தேயிலைக்கு அடியில் இருக்கும் என்பதையும் எல்லோரும் வெளிப்படையாகப் பார்க்க நேரும். பிரதேச செயலகத்தில் காணி தெரிவு செய்யும்போது, அந்தத் தோட்டத்தில் புல்லறுக்கிற, கான் வெட்டுகிற இரண்டு பேரைக் கூட அழைத்துப்போனால் பாதி வேலை முடிந்துவிடும். பள்ளங்களைப் பொறுத்தவரை, 4 ஹெக்டேயருக்குக் குறைந்தவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஓர் ஓயாவின் நீரேந்துப் பகுதி முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையைக் கேட்கலாம்.

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். காணி அளவையும் ஆய்வும் பெரும்பாலும் மழை விட்ட மாதங்களில்தான் நடக்கும். பாதை சீராக இருக்கும், வாகனம் போகும். அப்படிப் பங்குனி கடந்து ஒரு குழு பள்ளத்தில் இறங்கினால், மேல்மண் கொஞ்சம் காய்ந்திருக்கலாம். உள்ளான் சைபீரியாவுக்குப் போயிருக்கும். இரண்டு மடையானும் நாலைந்து மாடும் நிற்கும். படிவத்தில் குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அதே பள்ளத்துக்கு மார்கழியில், அந்தி நேரத்தில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு தடவை நடந்து பார்க்கும்படி அந்தக் குழுவை யாராவது கேட்க வேண்டும்.